அண்ணாமலை தானாகத்தான் வந்தார்

இராணுவ போலீஸில் காலம் தள்ளியவனை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. எங்கள் சிவப்புத் தொப்பியைக் கண்டாலே சிப்பாய்கள் பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடுவார்கள். அதிகாரிகள்கூடக் கழுத்துப் பொத்தானை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். முப்பத்திரண்டு வருடம் அந்தத் தொப்பியோடு வாழ்ந்து, கர்னலாக ஓய்வு பெற்று, பெங்களூரில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "நீங்க எங்க ஊருக்கு வரணும் சார்" என்றபோது கடன் கொடுக்கிற கம்பெனி என்றுதான் முதலில் நினைத்தேன்.

பெயர் கோகிலா என்றாள். வயது இருபது. இராணுவ போலீஸில் இப்போது பெண்களையும் எடுக்கிறார்கள் அல்லவா, அதற்குத் தேர்வாகியிருக்கிறாள். அடுத்த வாரம் பயிற்சிக்குக் கிளம்புகிறாளாம். முன்னாள் இராணுவத்தார் யாரிடமோ கேட்டு என் எண்ணைப் பிடித்திருக்கிறாள்.

"எங்கப்பா உங்களப் பத்தி ரொம்பப் பெருமையாச் சொல்லுவாரு சார். நீங்க வந்து நாலு வார்த்தை பேசினாப் போதும்."

"அப்பா யாரும்மா?"

"அண்ணாமலைங்க சார். கச்சிராயபாளையத்துல வந்து கூட்டிக்கினு போனீங்களே."

அந்த அண்ணாமலையை நான் மறக்கவில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் அவர் பிழைப்பைக் கெடுத்தவன் நான். அது அவருக்குத் தெரியாது என்பது அந்தப் பெண்ணின் குரலிலேயே தெரிந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

"உங்களையும் ஒருத்தர் கூப்பிடறாரே! அவர் மனசு மாறதுக்குள்ள போயிட்டு வாங்க" என்றாள் என் மனைவி. அவளுக்கும் தெரியாது.

முதல் நாள் கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது உச்சி வெயில். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரே வருகிறவரின் காலைப் பார்ப்பேன், பிறகு முடிவெட்டு, பிறகு பொத்தான், கடைசியில்தான் முகம். ரயில் நிலையங்களில் சிப்பாய்களை நிறுத்தி நிறுத்தி வந்த வினை. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் எல்லாரும் ரப்பர் செருப்பு போட்டிருந்தார்கள். சோதிப்பதற்கு ஒன்றுமில்லாமல் முகங்களைப் பார்த்தேன்.

ஷேர் ஆட்டோவில் ஏறியதும் ஓட்டுநர் கண்ணாடி வழியாக என் தலையைப் பார்த்தார்.

"சார் இன்னா, போலீஸா?"

"இல்லை."

"அப்ப மிலிட்டரி."

"ரெண்டும்தான்" என்றேன்.

"ரெண்டுமேவா! அப்ப உங்களாண்ட பத்து ரூபா கேக்கவே பயமாக் கீதே" என்றார். ஆட்டோவே சிரித்தது. நானும் சிரித்தேன். இருபது ரூபாயாக வாங்கிக்கொண்டார்.

மதியம் சாப்பிட்ட இடத்தில் வாழை இலை நிறையச் சோறு போட்டு, கேட்காமலேயே மீன் குழம்பை ஊற்றினார்கள். பெங்களூரில் இந்தக் காரத்துக்கு ஏங்கி ஏங்கி நாக்கு செத்துப்போயிருந்தது. எதிர் மேசையில் கோர்ட்டுக்கு வந்த இரண்டு பேர் வழக்கை விட்டுவிட்டு ஊரைப் பேசினார்கள். "ஜில்லா ஆனதுல இருந்து வாடகைதான் ஜாஸ்தி, தண்ணி அதே கம்மிதான்" என்றார் ஒருவர். மற்றவர் ரசத்தைக் குடித்துக்கொண்டே தலையாட்டினார். நானும் கூடவே தலையாட்டினேன், என் வீட்டிலும் அதே கதை.

மறுநாள் காலை கச்சிராயபாளையம் பஸ். பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னால் போன டிராக்டரிலிருந்து கரும்புக் கட்டுகள் சரிந்து சாலையை அடைத்திருந்தன. டிரைவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் திட்டித் தீர்த்தார்கள். கண்டக்டர் இறங்கி, "அவசரமாப் போறவங்க நடந்து போங்க, பொறுமையாப் போறவங்க கரும்பு தின்னுங்க" என்றார். பாதிப் பேர் கரும்பைத் தின்றார்கள், மீதிப் பேர் ஒதுக்கிப் போட்டார்கள். கான்வாய் போகும் பாதையில் இப்படி நடந்திருந்தால் நான் நான்கு பேர் மேலாவது குற்றம் எழுதியிருப்பேன். இங்கே முக்கால் மணி நேரத்தில் யார் மேலும் ஒன்றும் எழுதாமல் வண்டி கிளம்பிவிட்டது.

கச்சிராயபாளையத்தில் மலை பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். கோமுகி அணைப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. அந்தப் பழைய டீக்கடை இல்லை. ஆனால் இடம் அதேதான். அங்கே நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் கேப்டன். லீவில் போன சிப்பாய் திரும்பாவிட்டால், ஒரு மாதம் பார்த்துவிட்டு ஓடிப்போனவன் என்று அறிவிப்பார்கள். பிறகு ஆளைப் பிடிக்கச் சொல்லித் தாள் வரும். சிப்பாய் அண்ணாமலை பேரில் அப்படி ஒரு தாள் என் கைக்கு வந்தது. ஹவில்தார் மாணிக்கத்தையும் இன்னும் இருவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மலைச்சாலை மழையில் கெட்டுப்போயிருந்தது. காலையில் டீ குடித்துவிட்டு எப்படி ஏறுவது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போது மலைப்பக்கமிருந்து ஒரு ஆள் நடந்து வந்தார். தலையில் டிரங்குப் பெட்டி. இஸ்திரி போட்ட சீருடை. பூட்ஸ் கண்ணாடி மாதிரி இருந்தது. சேறு படக்கூடாதென்று அதைக் கழுத்தில் தொங்கவிட்டு வெறுங்காலில் இறங்கி வந்து, ஊர் எல்லையில் காலில் போட்டுக்கொண்டாராம். பெட்டியை இறக்கி வைத்து சல்யூட் அடித்தார்.

"சார், அண்ணாமலை நான்தான். என்னத் தேடறீங்கன்னு நேத்து நடந்து ஏறி வந்த பஸ்காரர் சொன்னாரு. நானே வந்துட்டேன் சார்."

அண்ணன் கடுக்காய் பறிக்க மரம் ஏறி விழுந்து இடுப்பு உடைந்துவிட்டதாம். சாமை விதைக்க ஆளில்லையாம். விதைத்து, களை எடுத்து முடித்துவிட்டு வந்தால் ஏதாவது தண்டனை கொடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கிறார். தப்புதான். ஆனால் தானாக வந்தவருக்கும் பிடிபட்டவருக்கும் இராணுவத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ரிப்போர்ட்டில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. மாணிக்கம் அதில் "தானாக வந்தார்" என்று எழுதப் போனார்.

ஆள் பிடிப்பதில் எங்கள் யூனிட் மந்தம் என்று மேலதிகாரி முகம் சுளித்திருந்த சமயம் அது. "நாம எதுக்குய்யா வந்தோம், டீ குடிக்கவா? பிடிச்சோம்னு எழுது" என்றேன். மாணிக்கம் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். அந்த வருடம் என்னைப் பற்றிய குறிப்பில் 'சுறுசுறுப்பானவர்' என்று ஒரு சொல் ஏறியது.

இரண்டு வருடம் கழித்து மேஜராக இருந்தபோது அண்ணாமலையின் கோப்பு வேறு காரணத்துக்காக என் மேசைக்கு வந்தது. மூன்று மாதச் சிறை, அதோடு பணிநீக்கம். தானாகத் திரும்பியிருந்தால் படையிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம் என்று அவருடைய அதிகாரி ஓரத்தில் எழுதியிருந்தார். அன்றைக்கு நான் நினைத்திருந்தால் சரிசெய்திருக்கலாம். அதற்கு நான் பொய் எழுதினேன் என்று எழுத வேண்டும். கோப்பை மூடி அலமாரியில் வைத்தேன். எழுதியதைவிட மூடி வைத்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது.

மலை பஸ் வந்தது. சாலை இப்போது நன்றாக இருக்கிறது. வளைவுக்கு வளைவு காது அடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மடியில் கோழிக்குஞ்சுக் கூடை. ஒரு குஞ்சு எட்டி எட்டி என் சட்டைப் பொத்தானைக் கொத்தியது.

"யாரு வூட்டுக்குப் போறீங்க?" என்று கேட்டார்.

"அண்ணாமலை வீட்டுக்கு. கோகிலாவோட அப்பா."

"ஓ, ஒளிஞ்சிக்கினு இருந்தப்ப மிலிட்டரிலேருந்து வந்து புடிச்சிக்கினு போனாங்களே, அவுரு வூடா?"

"அவர் ஒளிஞ்சிருந்தாரா?"

"நான் அப்ப சின்னப் பொண்ணுங்க. அப்படித்தான் சொல்லுவாங்க" என்று குஞ்சை உள்ளே தள்ளினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் பேனாவுக்கு இவ்வளவு ஆயுள் இருக்கும் என்று நினைக்கவில்லை.

வெள்ளிமலை நிறுத்தத்தில் கோகிலா நின்றிருந்தாள். நிற்கிற நிற்பிலேயே தேர்வானவள் என்று தெரிந்தது. இங்கும் என் கண் முதலில் அவள் காலுக்குத்தான் போனது. ஷூ நாடாவைச் சரியாகக் கட்டியிருந்தாள். என் பையை வாங்கப் பின்னாலிருந்து ஒருவர் ஓடி வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. அண்ணாமலை. பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, நடுச்சாலையில் சல்யூட் அடித்தார். எனக்குக் கை எழவில்லை. கும்பிட்டேன்.

அவர்கள் ஊர் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு மைல். வீட்டில் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் மொச்சைப் பொரியலும் செய்திருந்தார்கள். சாமையை பெங்களூரில் டாக்டர் சொல்லி மருந்து மாதிரி விழுங்குகிறேன். இங்கே அதற்கு ஒரு மணம் இருந்தது. அண்ணாமலை உட்காராமல் பரிமாறினார்.

"விலங்கு போடாம கூட்டிக்கினு போனீங்க சார். அங்க நின்ன பஸ்ஸுல இருந்த ஜனமெல்லாம் பாத்துக்கினு இருந்துது. வேற ஆபீசரா இருந்தா மாட்டியிருப்பாங்க. அத நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

விலங்கை முந்தின நாள் தங்கிய இடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தோம். அதற்காக மாணிக்கத்தைத் திட்டியும் இருந்தேன். கையில் எடுத்த கோழித் துண்டை ஓரமாக வைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் கை துடைக்கத் துண்டு கொடுத்துவிட்டு எதிரே குந்தினார்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார் உங்களக் கேக்கறது. பேப்பர்ல என்னப் புடிச்சாங்கன்னு போட்டுட்டாங்க. போலீஸ் டேசன்லேருந்து வந்து எங்க ஊர்க்கவுண்டரு கிட்ட படிச்சுக் காட்டிட்டாங்க. நானே போனேன்னு சொன்னா ஒருத்தரும் நம்பல. ஊர்க்கூட்டத்துல நான் வாயத் தொறந்தா, ஒளிஞ்சிருந்தவன் பேச்சு எதுக்குன்றாங்க. என் வார்த்தைக்கு வெல இல்ல சார். இப்ப பொண்ணு போவுது. ஓடிப்போனவன் பொண்ணு ஓடாம இருக்குமான்றாங்க. நீங்க ஒரு ஆளுதான் சாட்சி. நான் தானா வந்தேன்னு கூட்டத்துல சொல்லிடுங்க."

"யார் அப்படி எழுதினாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது.

"யாரோ கிளார்க்கு சார். நீங்க எழுதியிருக்க மாட்டீங்க."

மாலை வெயில் இருக்கும்போதே மாரியம்மன் கோயில் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். எங்கள் அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்தால் பெரிது. இங்கே ஊரே வந்திருந்தது. கோகிலாவுக்கும் எனக்கும் சால்வை போர்த்தினார்கள். நான் எழுந்து, அண்ணாமலையை யாரும் பிடிக்கவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார், என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். கைதட்டினார்கள். அண்ணாமலை தலையைக் குனிந்துகொண்டு அழுதார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஊர்த் தலைவரைத்தான் அங்கே ஊர்க்கவுண்டர் என்கிறார்கள். இப்போதைய கவுண்டர் முன்பு இருந்தவரின் மகனாம், என் வயதுதான் இருக்கும். நிதானமாகக் கேட்டார்.

"அப்ப எதுக்குங்க காயிதத்துல புடிச்சாங்கன்னு போட்டாங்க?"

எனக்கு முன்னால் அண்ணாமலை முந்திக்கொண்டார். "கிளார்க்கு தப்புங்க. பெரிய ஆபீஸ்ல அதெல்லாம் சகஜம்." என்னைக் காப்பாற்றுவதாக அவருக்கே தெரியாமல் காப்பாற்றினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். இரண்டாவது முறையாக அதே கோப்பை மூடி வைத்தேன்.

காலையில் கேழ்வரகு அடை சுட்டுக் கொடுத்தார்கள். பஸ்ஸுக்குக் கிளம்பினோம். அண்ணாமலை என் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார், கோகிலா பின்னால். ஊரைத் தாண்டும் வரை பொறுத்திருந்தேன். பிறகு அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் இல்லை.

"அண்ணாமலை, கிளார்க் இல்லை. பிடிச்சோம்னு எழுதச் சொன்னது நான்தான். அதனாலதான் உங்க வேலை போச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

அவர் நின்றார். திரும்பவில்லை. பையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். எறியவில்லை, வைத்தார்.

"நேத்து ஊரே குந்தியிருந்துதே சார். அங்க சொல்லியிருக்கலாமே."

"வாய் வரலை."

"எனுக்கு முப்பது வருசமா வாய் வந்துது சார். கேக்கத்தான் ஆளு இல்ல." இப்போது திரும்பினார். அவர் முகத்தில் மரியாதை போயிருந்தது. "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? கவுண்டராண்ட போய்ச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வயல் வரப்பில் இறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் திரும்பினேன். கோகிலாவும் கூட வந்தாள். கவுண்டர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"வாயில சொன்னா காத்தோட போயிரும்ங்க. காயிதத்துல வந்தது காயிதத்துலதான் போவணும். எழுதிக் குடுங்க."

கோகிலா தன் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துத் தந்தாள். எழுதினேன். சிப்பாய் அண்ணாமலை கச்சிராயபாளையத்துக்குத் தானாக வந்தார். என் ஹவில்தார் அப்படியே எழுதப் போனார். என் பெயருக்காக நான் மாற்றி எழுதச் சொன்னேன். நேற்றுக் கூட்டத்திலும் உண்மையை மறைத்தேன். கையெழுத்துப் போட்டு, கீழே பெயரும் பதவியும் எழுதினேன். கவுண்டர் நாலு வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, கோகிலாவைப் படிக்கச் சொன்னார். அவள் குரல் எங்கும் தடுமாறாமல் படித்தாள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருவர் மட்டும், "இவுருக்கா நேத்து சால்வை போட்டோம்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அதே சால்வை என் பைக்குள் மடித்திருந்தது. எடுத்துக் கவுண்டரிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார்.

பஸ் நிறுத்தம் வரை கோகிலா வந்தாள். வழியனுப்ப வந்தாளா, நான் போய்விட்டேனா என்று பார்க்க வந்தாளா, தெரியவில்லை. கீழ் வளைவில் பஸ் ஏறும் சத்தம் கேட்டது.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"எழுதுற எடத்துல இனிமே நான்தானே நிப்பேன். அந்த ஹவில்தாரு எழுத மாட்டேன்னு சொல்லியிருந்தா, நீங்க இன்னா பண்ணியிருப்பீங்க?"

மெச்சியிருப்பேன் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தப் பெண் என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்ன பேச்சைக் கேட்கலைன்னு இருபத்தெட்டு நாள் உள்ளே போட்டிருப்பேன்."

பஸ் வந்து நின்றது.

"இருபத்தெட்டு நாளுதானா சார்?" என்றாள்.